மௌனத்தில் மதிய அமர்வு

சகினாவுக்கு நாக்கு திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தொண்டைக் கட்டிக்காக அடையாற்று ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை கொடுத்ததிலிருந்து எதைத் தின்றாலும் அவளுக்கு அட்டையைத் தின்பது மாதிரிதான் இருந்தது. பிரியாணியும் அட்டை, மாம்பழமும் அட்டை. அன்றைக்கு டம்ளரில் இருந்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏங்க, டீயில சக்கரை ஜாஸ்தி" என்றாள். அப்துல் சமத் கையிலிருந்த பேப்பரைப் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன குறைகளில் இந்த ஒன்றுக்குத்தான் அவர் அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

சமத்துக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. வீடு ராயப்பேட்டையில். லீவு என்று ஒன்றை அவர் எடுத்ததே கிடையாது. இப்போது எடுப்பதென்று முடிவு செய்து, ஊட்டியா கொடைக்கானலா என்று கேட்டார்.

"மலையைப் பாத்து என்ன பண்றது?" என்றாள் சகினா. "எனக்குச் சாப்பிடணும். நம்ம ஊர்லயே பெரிய பெரிய இடமா ஒரு வாரம் போய் உக்காந்து சாப்பிடலாம். அதான் எனக்கு டூர்."

அதிலும் ஓர் இடத்தை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய் வந்த நாட்களில், அடையாற்றில் மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில், போர்டு கூட இல்லாத ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆட்கள் வெளியே வருவதைக் கவனித்திருக்கிறாள். நல்ல உடை உடுத்தியவர்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசாமல் வந்து காரில் ஏறுவார்கள். டிரைவரிடம் கூட வாயைத் திறப்பதில்லை. அது ஒரு ரெஸ்டாரண்ட் என்று ஆட்டோக்காரர்தான் சொன்னார்.

"வலியில நான் பேச முடியாம கெடந்தேன். அவங்க சாப்பிட்டுட்டு பேச்சில்லாம வர்றாங்க. ஆளை அப்படி வாயடைக்க வெக்கிற ருசின்னு ஒண்ணு இருந்தா, அதை நான் தின்னு பாக்கணுங்க."

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஆஃப்ரீன் விசாரித்துச் சொன்னாள். அந்த இடத்தின் பெயர் 'மௌனம்'. நடத்துவது 'ருசிகம்' என்ற நிறுவனம். "நேரா அங்க போக முடியாது அத்தா. மொதல்ல தி.நகர்ல 'முகவுரை', அப்புறம் மயிலாப்பூர்ல 'பொழிப்புரை'. ரெண்டுலயும் தேறினாத்தான் அடையாறு."

"தேறணுமா? சாப்பிடறதுலயா?"

"பேர் குடுத்துட்டேன். அவங்களே கூப்பிடுவாங்க."

மறுநாள் சமத் பட்டறையில் இருக்கும்போது போன் வந்தது. குரல் வெண்ணெயாக இருந்தது. "மதுவந்தி பேசறேன் சார். ருசிகத்துல அனுபவ அலுவலர். நீங்க கடைசியா எப்ப பசியா இருந்தீங்க?"

"இப்பத்தாம்மா. மணி ஒண்ணாவுது இல்ல?"

"அது உடம்போட பசி சார். அதை நாங்க கணக்குல எடுத்துக்கறதில்ல." கொஞ்ச நேரம் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "சின்ன வயசுல உங்களுக்குக் கெடைக்காமப் போன ஒரு சாப்பாட்டைச் சொல்லுங்க. அழுகை வந்தா தடுக்க வேண்டாம்."

சமத்துக்கு அழுகை வரவில்லை. லேத் ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாம் ஹலால்தானேம்மா?" என்று கேட்டார்.

"எங்ககிட்ட மாமிசமே கெடையாது சார். மாமிசம் இல்லாத வருத்தத்தை மட்டும் ஒரு தட்டுல வெப்போம்."

வருத்தம் ஹலாலா இல்லையா என்று யாரிடம் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மேடத்துக்குத் தொண்டையில ட்ரீட்மென்ட் முடிஞ்சிருக்கு. நாக்கு இப்பதான் திரும்பியிருக்கு. ரொம்ப நல்லது" என்றது குரல்.

சமத் லேத்தை நிறுத்தினார். அவர் அதைச் சொல்லவில்லை.

"உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"எங்களுக்கு கஸ்டமர்னு யாரும் இல்ல சார். சாட்சிகள்தான். சாட்சியைப் பத்தி விசாரிக்காம உள்ள விட முடியுமா?" என்று சிரித்துவிட்டு மதுவந்தி போனை வைத்தாள். சாயங்காலம் கேட்டபோது, தானும் சொல்லவில்லை என்றாள் ஆஃப்ரீன்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது 'முகவுரை'. கீழே ஹாரனும் கூவலுமாக இருந்த ஊர், கதவு சாத்தியதும் கத்தரித்த மாதிரி நின்றுபோனது. சாம்பல் நிறக் கோட்டு போட்டவர்கள் சுவரோரமாக நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம் என்று சமத்துக்குத் தோன்றியது. நன்றாகப் பார்த்தால் முகங்கள் வேறு வேறுதான், சிரிப்பு மட்டும் ஒன்று.

பக்கத்து மேஜையில் ஒரு தம்பதி. இன்சூரன்ஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பத்ரிநாராயணன், அவர் மனைவி ஜானு. மயிலாப்பூர்க்காரர்கள். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை பிரணவ், அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்குப் பரிசாக இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தான்.

முதல் தட்டு வந்தது. அதில் ஒன்றுமில்லை.

"எதிர்பார்ப்பு" என்றார் சாம்பல் கோட்டுக்காரர். "கையால தொடாதீங்க. பாத்தாப் போதும்."

எல்லோரும் பார்த்தார்கள். சமத்தும் பார்த்தார். தட்டு நல்ல தட்டு. பிறகு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு, ஒரு கூழாங்கல்லின் மேல் ஒரு சொட்டு ரசத்தை வைத்துக் கொண்டு வந்தார்கள். சகினா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"புளிக்குதுங்க! நல்லா புளிக்குது!"

சாம்பல் கோட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. ஒருவர் வந்து குனிந்து, மெதுவாகச் சொன்னார். "மேடம், இங்க புளிப்பு, உப்பு, காரம்னு சொல்றதில்ல. அதெல்லாம் சமையக்கட்டு வார்த்தை."

"அப்ப இன்னான்னு சொல்றது?" என்றார் சமத்.

"'இருக்கிறது'ன்னு சொல்லலாம். ரொம்ப உணர்ச்சி வந்தா, 'இருந்தது'."

பத்ரிநாராயணன் இந்தப் பக்கம் சாய்ந்தார். "சார், சாதம்னு ஒண்ணு வருமோ வராதோ? ஆத்துல சாப்பிடாம வந்துட்டேன்."

"ஏன்னா, மெதுவாப் பேசுங்கோ. அவா பாத்துண்டிருக்கா" என்றாள் ஜானு.

சாதம் வரவில்லை. வெளியே வந்ததும் நான்கு பேருக்கும் காது அடைக்கிற பசி. பஜார் ஓரத்தில் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். நின்று தின்றார்கள். பத்ரிநாராயணன் இரண்டாவது தட்டு வாங்கி, "ஜானு, இது இருந்தது" என்று சாம்பல் கோட்டின் குரலில் சொல்ல, சகினா சிரித்துப் புரையேறினாள். அந்த லீவில் அவள் அப்படிச் சிரித்தது அங்கேதான்.

இரண்டு நாள் கழித்து, மாட வீதியில் ஒரு பழைய வீட்டில், 'பொழிப்புரை'யின் வாசலில் மதுவந்தியே நின்று வரவேற்றாள்.

"மிளகாய் பஜ்ஜி நல்லா இருந்ததா சார்?"

உள்ளே பத்ரிநாராயணன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் மேஜைத் துணியின் ஓரத்தை நீவ ஆரம்பித்தார்.

"போன் பண்ணிக் கேட்டா சார்" என்றார் பிறகு, தலை நிமிராமல். "பஜ்ஜி திங்கலாம்னு நான் முன்மொழிஞ்சேனா, நீங்களான்னு கேட்டா. சொல்லாட்டா அடையாறுல இடம் போயிடும்னா. சொல்லிட்டேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு, இல்லையா? நீங்களும் யோசிச்சுப் பாருங்கோ, அந்த பஜ்ஜியில என்ன இருந்தது? வெறும் ருசிதானே?"

ஜானு கணவரை, தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

தவறு செய்த நாக்குகள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது விதி. மேஜைதோறும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வைத்தார்கள். நாக்கை நீட்டி, கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தவறு செய்யாதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று நீட்டினார்கள். கூடம் முழுக்க நாக்குகள். வெளியே கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. சகினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜைகளில் ஒருவரும் சிரிக்காததைப் பார்த்து அது தானாக அடங்கியது.

நங்கநல்லூரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். "எனக்குப் பசிக்குதுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

யாரும் அவரை அதட்டவில்லை. இரண்டு சாம்பல் கோட்டுகள் வந்து, நோயாளியைத் தாங்குவது போல இரு பக்கமும் தாங்கி, பின்கட்டுக்கு அழைத்துப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. திரும்பி வந்தபோது அவர் தன் இடத்தில் உட்கார்ந்து, நாக்கை நீட்டினார். நாக்கை உள்ளே இழுத்த பிறகும் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கடைசி வரை அது போகவில்லை.

தெருவுக்கு வந்ததும் சமத் சொன்னார். "வேணாம் சகினா. எனக்கு மனசே சரியில்ல. அந்தாளை உள்ள கூட்டிக்கினு போய் இன்னா பண்ணாங்கன்னு தெரியல. வா, பீட்டர்ஸ் ரோட்டுல பிரியாணி வாங்கித் தரேன்."

சகினா நடந்துகொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப நான் அந்த ஒரு வீட்டைத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். பொழைச்சா அங்க போகணும்னு. போய்ட்டு வந்துடலாங்க."

சமத் ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார்.

'மௌன'த்தில் மதிய அமர்வு. நல்ல வெயில் நாள். ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் மரங்கள் வெயிலை ஒரு பொட்டு கூட விடவில்லை. காக்கைச் சத்தமும் இல்லை. எல்லோரும் உள்ளே வந்ததும் பெரிய இரும்புக் கேட்டைச் சாத்தினார்கள். "அமர்வு முடியற வரைக்கும் தெறக்க மாட்டாங்க. சாட்சி பாதியில போகக் கூடாது" என்றாள் மதுவந்தி.

நடுக்கூடத்துக்கு வந்து நின்றார் சாய்சரண். ருசிகத்தை உண்டாக்கியவர். மெலிந்த, வெளுத்த ஆள். பேச்சு ஆரம்பித்தார்.

"பசிச்சவனுக்குச் சோறு போட ஊர்ல ஆயிரம் இடம் இருக்கு. அது தர்மம். வயிறு நெறஞ்சவனை ஏங்க வெக்கிறதுதான் கலை. ஆரம்பத்துல நானும் நல்லாத்தான் சமைச்சேன். எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க, கை கழுவிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தருக்கும் என் பேர் ஞாபகம் இல்ல. ஒரு நாள் அடுப்புல வெச்சதை மறந்துட்டேன், கருகிப் போச்சு. மன்னிப்புக் கேக்கலாம்னு வெளிய வந்தேன். அதுக்குள்ள ஒரு மேஜைல எழுந்து நின்னு கை தட்டறாங்க. ஒருத்தர் அழறார். அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது, நான் எவ்வளவு நாளை வீணாக்கிட்டேன்னு."

கூடம் தலையாட்டியது. நங்கநல்லூர்க்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இதையெல்லாம் சாப்பிடுவீங்களா சார்?" என்று சமத் கேட்டார். கேட்க வேண்டுமென்று நினைக்கவில்லை. வந்துவிட்டது.

சாய்சரண் கோபப்படவில்லை. "நான் எப்படி? படைக்கிறவன் சாப்பிட்டா பாரபட்சம் வந்துடும். எனக்கு வீட்லேர்ந்து தயிர்சாதம் வந்துடும்."

பிறகு தட்டுகள் வந்தன. காகிதம் போல மெல்லியதாகச் சீவிய வெள்ளைத் துண்டுகளைப் பூ மாதிரி அடுக்கியிருந்தார்கள். "நெருப்பே படாத காட்டுக் கருணை" என்றார் சாய்சரண். "வேக வெக்கிறதுங்கறது ஒரு வன்முறை. கிழங்கு தன்னோட உண்மையைப் பேசட்டும். நீங்க பேச வேண்டாம்."

"ஏன்னா" என்று ஜானு கிசுகிசுத்தது சமத்துக்குக் கேட்டது. "கருணைன்னா இது. வேகவே இல்லை. புளி போட்டு வேக வெச்சாலே சமயத்துல தொண்டையைப் பிடிச்சுக்கும். வேண்டாம்னா."

"ஷ்" என்றார் பத்ரிநாராயணன். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். ஜானு சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பல் கோட்டு ஒன்று அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. அவளும் ஒரு ஓரத்தைக் கடித்தாள்.

சகினா நாக்கு நுனியில்தான் வைத்தாள். அடுத்த நொடி வெள்ளை மேஜைத் துணியின் மேல் துப்பினாள். சத்தமாக, இரண்டு முறை. கையை வீசி, சமத்தின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த துண்டைத் தட்டிவிட்டாள்.

"தின்னாதீங்க! நெருப்பு!"

தண்ணீரை எடுத்துக் கொப்பளித்தாள். நாக்கை வெளியே நீட்டி விசிறினாள். இந்தத் தொண்டை இன்னொரு வீக்கத்தைத் தாங்காது என்று டாக்டர்கள் சொன்னது சமத்துக்கு அப்போது முழுதாக ஞாபகம் வந்தது.

அதற்குள் கூடத்தில் ஒவ்வொருவராகக் கழுத்தைத் தடவ ஆரம்பித்திருந்தார்கள். பிறகு சொறிந்தார்கள். உதடுகள் தடித்தன. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஒரு அம்மாள் எதையோ சொல்ல வாயைத் திறந்தார்; காற்றுதான் வந்தது. ஒருவராவது எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுந்துகொள்ளலாம் என்று எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்திருக்காததால், இது இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று இன்னொரு துண்டை எடுத்தார்கள். பத்ரிநாராயணன் மூன்றாவது துண்டில் இருந்தார். அவர் கழுத்து கன்னத்தோடு சேர்ந்துவிட்டது.

"பாருங்க" என்றார் சாய்சரண், குரல் தழுதழுக்க. "அழறாங்க. பேச்சு போயிடுச்சு. மௌனம்."

மதுவந்தி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், மூச்சு விட முடியல அவருக்கு!" என்று கத்தினார் சமத். "கேட்டைத் தொறங்க!"

"அமர்வு முடியலை சார்."

பத்ரிநாராயணன் நாற்காலியிலிருந்து சரிந்தார். சமத் ஒரு கையில் சகினாவைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் ஓடினார். சாம்பல் கோட்டுகள் சிரித்தபடி கூடவே வந்தன, தொடவில்லை. கேட்டின் மேல் மோதினார். அது திறந்துகொண்டது. பூட்டே இல்லை, வெறும் தாழ்ப்பாள், அதுவும் சரியாகப் போட்டிருக்கவில்லை. இத்தனை நாளும் எவரும் அதைத் தள்ளிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. சமத் நூற்றியெட்டைக் கூப்பிட்டுவிட்டு, போகிற ஆட்டோக்களை எல்லாம் குறுக்கே நின்று மறித்தார்.

இந்த மாதிரி அவசரத்துக்கு அவருக்குத் தெரிந்தது ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிதான். எல்லோரையும் அங்கேதான் கொண்டு போனார்கள். பணியிலிருந்த டாக்டர் ரூபீனா சின்னப் பெண். வரிசையாகப் பட்டும் கோட்டுமாக வீங்கிப் போய் வந்து இறங்கியவர்களைப் பார்த்து அசந்துவிட்டார். "பச்சைக் கருணையையா தின்னாங்க? அடிச்சு யாராவது தின்ன வெச்சாங்களா?"

"இல்லம்மா. அவங்களேதான்" என்றார் சமத்.

ஊசி போட்டார்கள், குழாய் மாட்டினார்கள், முகமூடி வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு வீக்கம் வடியத் தொடங்கியது. ஆனால் வார்டில் ஒரு அமைதி இருந்தது. நர்ஸ் ஒருத்தி ஓர் அம்மாளின் கையில் சில்லென்ற பால் டம்ளரைக் கொடுத்தாள். அந்த அம்மாள் குடிக்கவில்லை. யாராவது வந்து அந்தப் பாலை விளக்கிச் சொல்வார்கள் என்று டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நங்கநல்லூர்க்காரர் மேலே தொங்கிய சலைன் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார்.

சகினாவை ஒரு மூலைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். நாக்கு நுனி சிவந்திருந்தது. தொண்டை வீங்கவில்லை. டாக்டர் ஒரு சிரப்பைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். சகினா குடித்துவிட்டு முகத்தைக் கோணிக்கொண்டாள்.

"இன்னாடி? கசக்குதா?" சமத்தின் குரல் உடைந்தது.

"வேப்பங்காய் மாதிரி கசக்குது. ஏன் அழறீங்க இப்ப?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் போன் அடித்தது. கண்ணைத் துடைத்த கையோடு தட்டியதில் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது.

"மதுவந்தி பேசறேன் சார். மேடம் எப்படி இருக்காங்க?"

சமத் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த வார்த்தைகளில் சிலவற்றைச் சொன்னார். மதுவந்தி கடைசி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி சார். எங்களுக்கு இந்த மாதிரி நேர்மையான சாட்சியம் கெடைச்சதே இல்ல. மேடம் துப்பினது சாய்சரண் சாரை ரொம்ப பாதிச்சிடுச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து துப்பறதையும் அமர்வுல சேக்கறோம். மேஜைக்கு ஒரு வெண்கல எச்சில் படிக்கம். வார்ப்புக்குச் சொல்லியாச்சு."

"அந்தக் கெழங்கை நிறுத்தலியா?"

"அது இல்லாம எதைத் துப்பறது சார்? விஷயம் வெளிய தெரிஞ்சதும் இடமெல்லாம் நெரம்பிடுச்சு. ஆனா இன்னிக்கு வந்தவங்களுக்கு முன்னுரிமை உண்டு. உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

வார்டில் கட்டில்கள் கிறீச்சிட்டன. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். பேச முடியாததால் கையைத் தூக்கினார்கள். பக்கத்துக் கட்டிலில் பத்ரிநாராயணன், முகத்தில் பிராணவாயு முகமூடியோடு, கண் திறக்காமலே வலது கையை உயர்த்தி, இரண்டு இடம் என்று இரண்டு விரலைக் காட்டினார். அந்தக் கையில் ஊசி குத்தியிருந்தது.

"சார், வேணாம் சார்" என்றார் சமத்.

ஜானு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் குரல் முழுதாக வரவில்லை. கணவரின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, அவருடைய இரண்டு விரல்களில் ஒன்றைப் பிடித்து மெதுவாக மடக்கினாள். அது மறுபடி நிமிரப் பார்த்தது. விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதும்னு சொல்லுங்கோ" என்றாள் சமத்திடம்.